அத்தானின் பிரஷுக்குச் சாம்பிராணி

இந்த வாரம் ஜோகூர் பாரு பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. என் மருமகன் தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். கைப்பேசியில் தேடித் தேடி, ஏதோ மிருகத்தின் முடியில் செய்த ஷேவிங் பிரஷ் ஒன்றை வரவழைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

"அலமாக்! என்னாங்க இது, மழையில நனைஞ்ச ஆடு மாதிரி நாறுது! வெளிய கொண்டு போங்க லா!"

மருமகன் அசரவில்லை. புது பிரஷ் என்றால் அப்படித்தானாம். சோப்பைக் குழைத்து நுரை ஏற்றி, நுரையோடு ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறிக் காயவைக்க வேண்டுமாம். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாதாம். நாலைந்து முறை செய்தால் வாடை தானாகப் போய்விடுமாம். எல்லாம் வீடியோவில் பார்த்தது. இப்போது அது சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நுரையை மூடிக்கொண்டு நிற்கிறது.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் வயதுக்காரர்களே, நாம் எல்லாரும் மாமியாராகி, மூட்டுவலி மாத்திரையைப் பிரித்து விழுங்குகிற பருவத்துக்கு வந்துவிட்டோம். இந்த வயதில் ஒரு பிரஷைப் பார்த்துப் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு வந்தது. எட்டு வயதில் வந்த அதே பொறாமை, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வந்தது.

அப்போது நாங்கள் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கப் போவார். அப்பாவுக்குப் புகைக்கொட்டகையில் வேலை. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் கீழே விறகை மூட்டிப் புகை போடுவார்கள், ஞாபகம் இருக்கும். இருவரும் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். ஆகவே என்னை வளர்த்தது அக்காதான். என்னைவிடப் பத்து வயது பெரியவள். எனக்குச் சோறு ஊட்டியதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டதும் அவள்தான். அம்மா என்றால் எனக்கு மதியத்துக்கு மேல் உறைந்த ரப்பர்ப்பாலின் கட்டிப்பால் வாடையோடு வருகிற ஒருவர். அக்கா என்றால் எல்லாமும்.

அதிலும் வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்தில் ஜோகூரில் வெள்ளிக்கிழமைதானே பள்ளி விடுமுறை. அன்றைக்கு எனக்குத் தலைமுழுக்கு. அக்கா நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, சோற்றுக் கஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தேய்ப்பாள். கண்ணில் ஒரு துளி படாது. பிறகு சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் கூந்தலைப் பரப்பி, விரலால் கோதிக்கொண்டே இருப்பாள். என் தலை அவள் மடியில் கிடக்கும். ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், நான் தூங்கிப்போவேன். அன்று முழுக்க என் தலையணைகூட மணக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அவள் அதைச் செய்ததில்லை. எனக்கு மட்டும்தான்.

அந்த ஆனி மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் ஜோகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. அங்கே வீடு அமையும்வரை அக்கா எங்களோடு இருப்பது என்றும், தலை தீபாவளிக்கு வந்து அழைத்துக்கொண்டு போவது என்றும் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. கல்யாணம் ஆகியும் அக்கா இங்கேதான் இருக்கிறாள் என்ற பாதி.

அத்தானைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். பெண் பார்க்க வந்த அன்று புகைக்கொட்டகையைத் தாண்டும்போது அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தவர், எங்கள் வீட்டு வாசல்வரை எடுக்கவே இல்லை. அதை லயமே பார்த்தது. டவுன்காரர், நம் வாடை அவருக்கு ஆகவில்லை, மூக்குக்கு மேல் கோபம் வரும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ரப்பரில் பிழைக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு ரோஷம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் நம் பக்கத்து இடம் காலியாகவே வரும், அது மறக்குமா?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா ஜோகூர் பாருவுக்குப் போய் மாப்பிள்ளைக்குச் சீர் வாங்கிக்கொண்டு வந்தார். வேட்டி, சட்டை, அதோடு ஒரு ஷேவிங் செட். கிண்ணம், கத்தி, படிகாரக் கல், பிரஷ். தோட்டத்துத் துரை பங்களாவில் அப்படி ஒரு பிரஷை அப்பா ஒருமுறை பார்த்திருந்தார். கறுப்புக் கைப்பிடியும் சாம்பல் நிற முடியுமாக, பெட்டிக்குள் ராஜா மாதிரி படுத்திருந்தது. அம்மா பெட்டியைத் திறந்தார். உடனே மூடினார்.

"என்னாங்க இது? செத்த எலி நாத்தம் நாறுது."

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷம் புகையில் நின்ற மூக்கு. சீனத் தவுக்கே கடையில் அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. அம்மா விடவில்லை.

"எந்த மிருகத்து முடின்னாவது கேட்டீங்களா?"

"எதுவா இருந்தா என்னா? தொரைங்க இதுலதான் சவரம் பண்றாங்க."

"தொரைங்க பண்ணட்டும். நம்ம மாப்ள மூக்கப் பார்த்தீங்கல்ல? தலை தீபாவளிக்கு வந்தவரு இத மோந்தாருன்னா, நம்மள வேணும்னே அவமானப்படுத்துறாங்கன்னு கெளம்பிடுவாரு."

கிளம்பிவிடுவார் என்ற சொல்லில்தான் என் காது நிமிர்ந்தது. அடுத்த தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை, மோதிரம் போடவில்லை என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அவர் கட்டிய பெண் ஒரு வருஷம் தன் அப்பா வீட்டிலேயே இருந்தார். பெரியவர்கள் அதை இழவு வீட்டுக் கதை போலச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல கதையாகத்தான் பட்டது. எனக்கு அத்தான் கோபித்துக்கொண்டு போக வேண்டும். அக்கா இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மறுநாளிலிருந்து பிரஷுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. அம்மா துணி சவுக்காரம் போட்டுத் துவைத்துக் கோழிக்கூண்டின் மேல் வெயிலில் வைத்தார். கோழிகள் அன்று கூண்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த வீட்டு அத்தை வந்து, செரை என்கிற வாசனைப் புல்லின் தண்டையும் எலுமிச்சையையும் போட்டுக் கொதிக்கவிட்டு அதில் முக்கச் சொன்னார்.

"மீன் நாத்தமே போயிடும், இது போகாதா லா?"

முக்கினார்கள். நாலைந்து முடி கழன்று தண்ணீரில் மிதந்தது. அக்கா பதறிப்போய் பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள். "யாரும் தொடாதீங்க. இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் மூக்குச் சரியில்லை. அம்மாவுக்கும் ஒரு அளவுக்குமேல் வாடை தெரியாது. ஆகவே மோந்து பார்க்கிற வேலை எனக்கு வந்தது. "உனக்குத்தான் பாப்பா நாய் மூக்கு. நல்லா இழுத்துப் பாரு" என்று அக்கா நீட்டுவாள். நான் இழுப்பேன். ஈரக் கம்பளியும் ஆட்டுப்பட்டியும் கலந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும்.

"நாறுது" என்பேன், சந்தோஷமாக.

ஆனால் என் பாடு எப்படி ஆனது பாருங்கள். நாறுகிறது என்று சொன்னால் அக்கா என்னை விட்டுவிட்டு மறுபடி அதைக் கழுவப் போய்விடுகிறாள். நாறவில்லை என்று சொன்னாலோ அத்தானுக்கு நல்ல பிரஷ் கிடைத்துவிடும். எப்படிச் சொன்னாலும் எனக்குத்தான் நஷ்டம். எட்டு வயதுக்கு அது பெரிய சிக்கல். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன், ஒரு வழியும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முன்னால் சீயக்காய்க் கஞ்சி தயாராக இருந்தது. என் தலைக்குத்தான் என்று குனிந்தேன்.

"இரு பாப்பா. இது இதுக்கு" என்று அவள் பிரஷை எடுத்தாள்.

அதற்குச் சீயக்காய் தேய்த்தாள். நுனியிலிருந்து அடிவரை, இரண்டு விரலால், நோகாமல். பிறகு என் சீப்பை எடுத்தாள். ஆமாம், என்னுடைய பச்சைச் சீப்பு. அதால் முடியைச் சிக்கெடுத்தாள். பிறகு சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிரஷைப் படுக்கவைத்துத் திருப்பித் திருப்பிப் புகை காட்டினாள். விரலால் கோதினாள். மெல்லிய குரலில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே செய்தாள். தலைமுடி நாறினால் என்ன செய்வோம், அதுதான் எங்களுக்குத் தெரியும். அதையே அவள் பிரஷுக்கும் செய்தாள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. என்னைத் தவிர.

என் உடம்பு முழுக்க எரிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையை அவள் தூக்கினால்கூட எனக்குப் பொறுக்காது. இது ஒரு கட்டையில் ஒட்டவைத்த முடி!

"எனக்கு?" என்றேன்.

"ஒனக்கு நாளைக்கு."

"நாளைக்கு ஸ்கூலு."

"அப்ப சாயந்தரம். அடம் பிடிக்காத பாப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்து, கையை நிறுத்தினாள். "இங்க பாரு. நம்ம வீட்டுச் சாமான் நாறக்கூடாது. அவரு மூக்குல இது ஏறிச்சுனா, அப்புறம் என்னைப் பார்க்கிறப்பல்லாம் அதுதான் ஏறும். நான் அங்க போய் வாழணும்ல?"

போய் வாழ வேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர்கள் ஆயிரம் சொல்லியிருக்கலாம், அவள் வாயால் சொன்னதில்லை. அவளுக்குப் போக ஆசை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் பிரஷை நீட்டினாள். மோந்து பார்த்தேன். என் தலையணை வாசனை அடித்தது. "நாறல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பிரஷைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தாள்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் அத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். பண்டிகையன்று முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆகவே வந்த கையோடு தேநீர் கொடுத்து, ஷேவிங் செட்டையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"மாப்ள, தொரைங்க வெச்சிருக்கிறது. சிங்கப்பூர்ல எல்லாரும் பார்க்கணும்."

அத்தான் பெட்டியைத் திறந்தார். சாம்பிராணி மணந்தது. "கோயில் மாதிரி வாசனையா இருக்கு மாமா" என்றார். அம்மா மூச்சை விட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

பைப்படியில் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அக்கா சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடி பிடிக்க என்னை நிற்கவைத்தார்கள். அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நான்.

பிரஷைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தார். சோப்பில் சுழற்றினார். கன்னத்தில் வைத்தார்.

நாங்கள் யாரும் அதைச் சுடுதண்ணீரில் நனைத்து மறுபடி மோந்து பார்க்கவில்லை. காய்ந்திருந்தபோது சாம்பிராணி மணந்த அதே முடி, சூடு பட்டதும் ஆட்டுப்பட்டியாகிவிட்டது. முன்பைவிட மோசம். சாம்பிராணியும் ஆடும் சேர்ந்து, கோயிலில் கிடா வெட்டின மாதிரி ஒரு வாடை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவும் அக்காவும் தள்ளி நின்றார்கள், காற்றும் அந்தப் பக்கம் இல்லை. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்தது.

அவர் கை அப்படியே நின்றது. மூக்கு விடைத்தது. என் நெஞ்சு குதித்தது. இதோ எழுந்திருப்பார், இதோ பிரஷை வீசுவார், இதோ பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்களே, மூக்குக்கு மேல் கோபம் என்று!

அவர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கண் கொட்டாமல் நின்றாள். ஒரு வாரமாக அவள் அந்தப் பிரஷுக்குப் பட்ட பாடு முழுக்க முகத்தில் தெரிந்தது.

அவர் மறுபடி பிரஷைச் சோப்பில் தோய்த்தார். இரண்டு கன்னத்திலும், தாடையிலும், மூக்குக்குக் கீழேயும் தடவு தடவென்று தடவினார். அவசரமே இல்லை. ஒருமுறை மழித்துவிட்டு இன்னொரு முறை நுரை போட்டார்.

"மாமா, இப்படி ஒரு பிரஷ்ஷு சிங்கப்பூர்லகூட கிடைக்காது. பஞ்சு மாதிரி இருக்கு."

அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய எல்லாச் சிரிப்பும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அத்தான் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி என் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொன்னார். "பாப்பா, அக்காகிட்ட சொல்லிடாத. நமக்குள்ளேயே இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கெட்டவராக இருந்திருக்கலாம். கோபக்காரராகவாவது இருந்திருக்கலாம். இப்படிப்பட்டவரை விட்டு அக்கா எதற்குத் திரும்பி வருவாள்? அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, வரமாட்டாள்.

புகைக்கொட்டகையில் கைக்குட்டை வைத்ததுகூட, விறகுப் புகை பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும் என்பதால்தானாம். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. யாராவது அன்றைக்கே அவரைக் கேட்டிருந்தால், நான் அந்த ஒரு வாரம் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க மாட்டேன்.

தீபாவளி விடியலில் தம்பதி இருவரையும் மணையில் உட்காரவைத்து அம்மா எண்ணெய் வைத்தார். எனக்கும் அம்மாதான் அவசர அவசரமாகத் தலைக்கு ஊற்றினார். சீயக்காய் இரண்டு கண்ணிலும் போனது. மறுநாள் அக்கா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். பஸ் போன பிறகும் நான் ரோட்டிலேயே நின்றேன். அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷங்கள். எனக்கும் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, எல்லாம் நடந்தது. அத்தானைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முள் குத்தும். ஆனாலும் அவரைப் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் அவருக்கும் நடுவில் அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அக்காவின் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு மூலை. அதை நான் யாரிடமும், என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சமையலறையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, இனிமேல் என்ன என்று தோன்றியது. அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அப்பா வாங்கிக் கொடுத்த அந்த ஷேவிங் பிரஷ்ஷு இருக்குல்ல, அன்னைக்கு..."

"நாத்தம் போகவே இல்ல, அதானே?" என்று அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அத அவரு பஸ்ஸுலயே சொல்லிட்டாரு. குளாய் டவுனக்கூட தாண்டல. நான் சிரிச்ச சிரிப்புல கண்டக்டரு திரும்பிப் பார்த்தான்."

அக்கா கரண்டியால் முறுக்கைத் திருப்பிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, ஒனக்கு எப்படி தெரியும்?"

"நான்தானே அவருக்குக் கண்ணாடி பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றேன்.

"நீயா?" என்றாள் அக்கா. "கண்ணாடி செவுத்துல ஆணியில மாட்டியிருந்துச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."